இருபதாயிரத்துக்குள் ஒரு பழைய பைக்: பார்த்து வாங்குவதில் தொடங்கி கோளாறு பிடிப்பது வரை

இது 100 முதல் 150 சி.சி. வரையிலான, கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் பாகம்) வைத்த நாலு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கான வழிகாட்டி. ஸ்ப்ளெண்டர், பேஷன், சிடி 100, பிளாட்டினா, விக்டர், ஷைன் என்று சேலம் தெருக்களில் தினமும் கண்ணில் படும் வண்டிகள்தான். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் பெரும்பாலும் பெட்ரோல் ஊட்டும் முறையே வேறு. கீழே சொல்லும் கார்பரேட்டர் வேலை அவற்றுக்குப் பொருந்தாது.

இதுவரை ஐந்து பழைய வண்டி வாங்கியிருக்கிறேன். இரண்டில் ஏமாந்தேன். அதற்கப்புறம் நண்பர்களுக்காக வண்டி பார்க்கப் போனபோது கவனித்தது: புதிதாக இறங்குபவர்கள் இரண்டே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வாங்கும்போது வண்டியை முதலில் பார்த்துவிட்டு பேப்பரைக் கடைசியில் பார்க்கிறார்கள். வண்டி மக்கர் செய்தால் எதையும் யோசிக்காமல் கார்பரேட்டரைக் கழற்றுகிறார்கள். இரண்டுமே வரிசை தப்பிய வேலை. அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. பணத்தையும் கருவிகளையும் முதலில் ஒதுக்குங்கள்

கையில் 20,000 ரூபாய் இருந்தால் 20,000 ரூபாய்க்கு வண்டி தேடாதீர்கள். 14,000 அல்லது 15,000 வண்டிக்கு. மீதி பெயர் மாற்றத்துக்கும் முதல் மாத வேலைக்கும். செயின் ஸ்ப்ராக்கெட், பேட்டரி, பின் டயர் மூன்றும் ஒன்றாகக் கேட்டால் நாலாயிரம் சுலபமாகப் போய்விடும். பழைய வண்டி பெரும்பாலும் மூன்றையும் ஒன்றாகத்தான் கேட்கும்.

எந்த மூலையில் உள்ள கடையிலும் சாமான் கிடைக்கிற மாடலாகப் பாருங்கள். உற்பத்தி நின்றுபோன, அதிகம் விற்காத மாடல்கள் மலிவாகக் கிடைக்கும். ஒரு சின்ன ரப்பர் பாகத்துக்காக மூன்று வாரம் அலையும்போது அந்த மலிவின் அர்த்தம் புரியும். ஆர்எக்ஸ் 100 ஆசை இருப்பவர்கள் இந்தப் பட்ஜெட்டில் அதை மறந்துவிடலாம். 1996-லேயே நின்ற வண்டி, இப்போது அதை வாங்குபவர்கள் ஆசைக்கு விலை கொடுக்கிறார்கள்.

கருவி அதிகம் வேண்டாம். ப்ளக் ஸ்பேனர், 8, 10, 12, 14 அளவு ஸ்பேனர்கள், ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, மலிவான மல்டிமீட்டர் ஒன்று, டார்ச், பழைய துணி. இவற்றோடு அந்த மாடலுக்கான புது ஸ்பார்க் ப்ளக் ஒன்று. கோளாறு பார்க்கும் நேரத்தில் அதைத் தேடிக் கடைக்கு ஓடக்கூடாது என்பதால் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2. பேப்பரைப் பார்த்த பிறகே வண்டியைப் பாருங்கள்

எஞ்சினில் எந்தக் கோளாறு இருந்தாலும் காசு கொடுத்தால் சரியாகும். பேப்பரில் உள்ள சில கோளாறுகள் எவ்வளவு கொடுத்தாலும் சரியாகாது. அதனால் கிளம்பும் முன்பே வண்டி எண்ணை வாங்கி எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். பதிவு தேதி, ஆர்.சி. (பதிவுச் சான்று) எதுவரை செல்லும், இன்சூரன்ஸ் இருக்கிறதா, ஃபைனான்ஸ் பாக்கி பதிவாகியிருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். அபராத பாக்கியை இ-சலான் தளத்தில் தனியாகப் பார்க்க வேண்டும். பழைய உரிமையாளர் ஹெல்மெட் போடாத கணக்கெல்லாம் வண்டி எண்ணோடு சேர்ந்தே உங்களிடம் வரும்.

சொந்த உபயோக வண்டியின் ஆர்.சி. 15 ஆண்டு செல்லும். அதற்கு மேல் ஃபார்ம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இரு சக்கர வண்டிக்கு இந்தக் கட்டணம் 1,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2025-ல் அதை 2,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. ஆர்.சி. காலாவதியாகி வருடக்கணக்கில் கிடந்த வண்டி என்றால் தாமதக் கட்டணம் எவ்வளவு நிற்கிறது என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு அப்புறம் விலை பேசுங்கள். ‘ஆர்.சி. மட்டும் ரின்யூ பண்ணணும், மத்ததெல்லாம் பக்கா’ என்று விற்பவர் சொன்னால், அந்த ‘மட்டும்’ என்ற சொல்லுக்குள்தான் உங்கள் பணம் இருக்கிறது.

ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் உயிரோடு இருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். அப்பா பெயரில் உள்ள வண்டியை மகன் விற்பது நம் ஊரில் சகஜம். உரிமையாளர் இறந்திருந்தால் முதலில் ஃபார்ம் 31 வழியாக வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும், அதன் பிறகுதான் உங்கள் பெயருக்கு. வாரிசுச் சான்றிதழ் தயாராக இல்லையென்றால் பல மாதம் இழுக்கும்.

நான் முதல் தடவை ஏமாந்தது கர்நாடகப் பதிவு வண்டியில். பெங்களூரிலிருந்து சேலத்துக்கு வந்த வண்டி, இங்குள்ள விலையில் பாதிதான் சொன்னார்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்ட வேண்டுமென்றால் அந்த மாநிலத்தில் தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, மறுபதிவு செய்ய வேண்டும். எல்லாம் முடிந்தபோது உள்ளூர் வண்டியைவிட அதிகம் செலவாகியிருந்தது. டி.என். 27, 30, 54 என்று சேலம் எண்ணாக இருந்தால் அலைச்சல் குறைவு. ஆத்தூர் 77, சங்ககிரி 52 என்றாலும் பரவாயில்லை.

இதெல்லாம் சரியாக இருந்தால் நேரில் போய் சேஸிஸ் (வண்டியின் இரும்புச் சட்டம்) எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சேஸிஸ் எண் பெரும்பாலும் ஹேண்டில் கழுத்துக் குழாயில் அடித்திருக்கும். எஞ்சின் எண் எஞ்சினின் அடிப்பகுதியில் மண்ணுக்குள் ஒளிந்திருக்கும், துணியால் துடைத்தால் தெரியும். தேய்த்து அழித்த மாதிரியோ மேலே வெல்டிங் வைத்த மாதிரியோ இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

3. எஞ்சின் ஆறியிருக்கும்போது போய் நில்லுங்கள்

காலையில் போங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக எஞ்சின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்குள் யாரோ ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். சூடான எஞ்சின் தன் நோயை மறைத்துவிடும். டீ குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வாருங்கள், அல்லது மறுநாள் வாருங்கள்.

சாவி போடாமல் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். ஓரிடத்தில் கெட்டியாகத் தடுக்க வேண்டும், அதைத் தாண்டியதும் இளக வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் சர்ரென்று இறங்கினால் கம்ப்ரஷன் (பிஸ்டன் உள்ளே காற்றை அழுத்தும் திறன்) போய்விட்டது. அடுத்து ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். பால் கலந்த காபி போல இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பெட்ரோல் வாடை அடித்தால் கார்பரேட்டர் வழிந்து எஞ்சினுக்குள் போயிருக்கிறது. வெயிலில் மினுமினுவென்று துகள் தெரிந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது. ஆயில் அளவுக்கு மேல் கெட்டியாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள், சத்தத்தையும் புகையையும் சில நாள் அமுக்கி வைக்கக் கெட்டி ஆயில் ஊற்றுவது பழைய வித்தை.

இப்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு சைலென்சர் பக்கம் நில்லுங்கள். ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை வந்து ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டால் வால்வு சீல், சின்ன வேலைதான். ஆக்சிலேட்டர் முறுக்கும்போதெல்லாம் நீலப் புகை என்றால் பிஸ்டன் ரிங்கோ போரோ (பிஸ்டன் ஓடும் குழாய்) தேய்ந்திருக்கிறது, அது பெரிய வேலை. கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம் போவதால் வருவது, மலிவாக முடியும். காலைக் குளிரில் லேசான வெள்ளை ஆவி வந்தால் பயப்பட வேண்டாம்.

சத்தத்தைப் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். தலைப்பகுதியில் ‘டிக் டிக்’ என்றால் டேப்பட் (வால்வைத் தள்ளும் இடத்தில் உள்ள இடைவெளி), சரிசெய்ய அரை மணி நேரம். பக்கவாட்டில் ‘கரகர’ என்றால் டைமிங் செயின், நடுத்தரச் செலவு. அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று கனமாக வந்தால் கனெக்டிங் ராடு (பிஸ்டனோடு இணைந்த தண்டு). விலையைப் பாதியாகக் குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

மீட்டரில் உள்ள கிலோமீட்டரை நம்பிப் பயனில்லை. ஃபுட்ரெஸ்ட் ரப்பர், கிக்கர் ரப்பர் இரண்டையும் பாருங்கள். 25,000 கி.மீ. ஓடிய வண்டியில் கிக்கர் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்காது. 2017-க்குப் பிறகான வண்டி என்று சொல்கிறார்களா? பி.எஸ். 4 வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது முன் விளக்கு தானாகவே எரிந்தபடி இருக்கும், அணைக்கும் சுவிட்ச் இருக்காது. சுவிட்ச் இருந்தால் ஆண்டைப் பற்றி இன்னொரு கேள்வி கேளுங்கள்.

4. சேஸிஸும் சக்கரமும்

சென்டர் ஸ்டாண்டில் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் ‘டக்’ என்று ஒரு பள்ளத்தில் உட்காருவது போல் இருந்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) போயிருக்கிறது. முன் ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினாலும் அந்த ஆட்டம் தெரியும். கோன் செட் பெரிய செலவில்லை. ஃபோர்க் வளைந்திருந்தால் வண்டி எங்கோ மோதியிருக்கிறது என்று பொருள். சேஸிஸில், ஹேண்டில் கழுத்துக்குக் கீழே, பெயின்ட் சுருங்கியோ புது வெல்டிங் தெரிந்தோ இருந்தால் விட்டுவிடுங்கள். மற்றபடி டயர், பிரேக் ஷூ, லைட் எல்லாம் பேரம் பேசுவதற்கான விஷயங்கள்.

5. ஓட்டிப் பார்ப்பது: மேம்பாலம் போதும்

‘ஏற்காடு வரை ஒரு ரவுண்ட் போயிட்டு வரேன்’ என்றால் யாரும் சாவி தரமாட்டார்கள். அதற்குப் பதில் மேம்பாலம். சேலத்து ஐந்து ரோடு பாலமோ, உங்களுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அது. அதிகாலையில், போக்குவரத்து இல்லாதபோது, பின்னால் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு மூன்றாவது கியரில் ஏற்றுங்கள்.

ஏறும்போது எஞ்சின் சத்தம் மட்டும் உயர்ந்து வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. சத்தமும் கூடாமல் வேகமும் கூடாமல் அழுதால் கம்ப்ரஷன் குறைவு அல்லது பெட்ரோல் போதவில்லை. திக்கித் திக்கி ஏறினால் பெரும்பாலும் ப்ளக் அல்லது கார்பரேட்டர், அதாவது மலிவான கோளாறு. சமதளத்தில் ஓட்டிப் பார்த்தால் இந்த மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும். மேட்டில்தான் பிரியும்.

ஆளில்லாத நேரான சாலையில் கைப்பிடியை லேசாகத் தளர்த்தி வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா என்றும் பாருங்கள். திரும்பி வந்து எஞ்சினை அணைத்துவிட்டு உடனே மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் வண்டிகள் உண்டு. அதற்கான காரணம் 9-ம் பகுதியில்.

6. பணம் கொடுக்கும் நாள்

பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டிலும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே கையெழுத்துப் போட வேண்டும். ஃபைனான்ஸ் இருந்த வண்டி என்றால் கடன் முடிந்ததற்கான வங்கிச் சான்றும் ஃபார்ம் 35-ம் சேர வேண்டும். ‘கடன் முடிஞ்சுது, பேப்பர் அப்புறம் தரேன்’ என்றால் மீதிப் பணத்தையும் அப்புறமே தருகிறேன் என்று சொல்லுங்கள்.

புரோக்கர்களிடம் உள்ள வழக்கம், வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக் கைமாற்றிக்கொண்டே போவது. நீங்கள் நாலாவது ஆளாக வாங்கும்போது முதல் ஆள் ஊரிலேயே இருக்கமாட்டார். விற்பவருக்கும் இதில் ஆபத்து இருக்கிறது. பெயர் மாறாமல் விபத்து நடந்தால் பதிவில் உள்ளவர்தான் பொறுப்பாக வேண்டியிருக்கும். இதை எடுத்துச் சொன்னால் பல பேர் தாமாகவே ஆர்.டி.ஓ. அலுவலகம் வரை வருவார்கள்.

சட்டப்படி, மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையை விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியில் பெயர் மாற்ற 14 நாள். பாலிசியே இல்லாத வண்டி என்றால் மூன்றாம் நபர் காப்பீடு எடுத்த பிறகே ரோட்டில் இறக்குங்கள்.

7. கோளாறு தேடும் முன் அடிப்படை சர்வீஸ்

வண்டி வீட்டுக்கு வந்ததும் ‘கொஞ்சம் மிஸ் அடிக்குது’ என்று உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள். பழைய ஆயில், அடைத்த ஏர் ஃபில்டர், கரி பிடித்த ப்ளக் இவற்றை வைத்துக்கொண்டு கோளாறு தேடினால் எது காரணம் என்று பிரிக்க முடியாது.

ஆயில் மாற்றுங்கள், அந்த மாடலின் கையேட்டில் உள்ள கிரேடு மட்டும். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். டாங்கில் உள்ள பழைய பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் இறக்கிப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தண்ணீர் தனியாக நின்றாலும் துருப்பொடி படிந்தாலும் பாதிக் கோளாறு அங்கேயே கிடைத்துவிட்டது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஓ-ரிங்குகளையும் ட்யூப்களையும் உப்ப வைக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் ட்யூபை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. நீண்ட நாள் நின்ற வண்டியின் சைலென்சர் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். வாழப்பாடியில் சித்தப்பா வீட்டில் எட்டு மாதம் நின்ற வண்டி ஒன்று ஸ்டார்ட் ஆகி இரண்டு நொடியில் அணைந்துகொண்டே இருந்தது. மூன்று தடவை கார்பரேட்டரைக் கழற்றி மாட்டினேன். கடைசியில் சேலத்தில் குகை என்ற பகுதியில் ஒரு வயதான மெக்கானிக் ‘தம்பி, பின்னாடி காத்து வருதான்னு கை வெச்சுப் பாத்தியா?’ என்று கேட்டார். சைலென்சருக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. நான் ஏமாந்த இரண்டாவது வண்டி இதுதான், ஆனால் என்னை ஏமாற்றியது குளவி.

8. ஸ்டார்ட் ஆகவில்லை: இந்த வரிசையில்

கில் சுவிட்ச் (எஞ்சினை அணைக்கும் சுவிட்ச்), பெட்ரோல் காக் (டாங்கின் அடியில் உள்ள திறப்பான்), டாங்கில் பெட்ரோல். சிரிக்க வேண்டாம், மூன்றில் ஒன்றில் மாட்டாதவர்கள் யாருமில்லை.

அடுத்து, கார்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். பெட்ரோல் ஒழுக வேண்டும். வரவில்லை என்றால் கோளாறு கார்பரேட்டருக்கு மேலே இருக்கிறது: காக் வடிகட்டி, ட்யூப், டாங்க் மூடி. கார்பரேட்டரைக் கழற்றாமலேயே இது தெரிந்துவிடுகிறது.

பெட்ரோல் வருகிறது என்றால் பத்து கிக் அடித்துவிட்டு ப்ளக்கைக் கழற்றுங்கள். இந்த இடத்தில்தான் வழி இரண்டாகப் பிரிகிறது. ப்ளக் முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே போகவில்லை, கார்பரேட்டர் பக்கம் போங்கள். ஈரமாக இருந்தால் பெட்ரோல் போகிறது, தீப்பொறிதான் இல்லை அல்லது பலவீனம். புதியவர்கள் இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் ஒரு நாள் முழுவதும் தவறான பக்கத்தில் வேலை செய்வார்கள்.

ஈரமாக இருந்தால் புது ப்ளக்கை ப்ளக் கேப்பில் செருகி, அதன் உடல் எஞ்சின் இரும்பில் நன்றாகத் தொடும்படி வைத்துக் கிக் அடியுங்கள். ப்ளக் துளையிலிருந்தும் பெட்ரோல் சிந்திய இடத்திலிருந்தும் தள்ளி வையுங்கள், ஆவி பற்றிக்கொள்ளும். உலோகம் எங்கும் தொடாமல் கிக் அடித்தால் சி.டி.ஐ. (தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) கெட வாய்ப்பிருக்கிறது. நீலமாக, சொடக்குப் போட்ட மாதிரி பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ வரவே இல்லை என்றாலோ ப்ளக் கேப்பைத் திருகிக் கழற்றி, வயர் நுனியை அரை சென்டிமீட்டர் வெட்டி மறுபடி திருகுங்கள். நுனி பாசி பிடித்துப் போவது சாதாரணம், செலவே இல்லாத வேலை. அதற்கும் வரவில்லை என்றால் காயில், சி.டி.ஐ., பல்சர் காயில் (பொறி விழும் நேரத்தைச் சொல்லும் சுருள்) இவற்றின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். புதிய பாகம் வாங்குவது எல்லாவற்றுக்கும் கடைசியில், அதுவும் தெரிந்தவர் வண்டியிலிருந்து கடன் வாங்கி மாட்டிப் பார்த்த பிறகு.

பெட்ரோலும் உண்டு, பொறியும் உண்டு, ஆனாலும் எழவில்லை என்றால் கம்ப்ரஷன். ப்ளக் துளையில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு ப்ளக்கை மாட்டிக் கிக் அடித்துப் பாருங்கள். கிக்கர் திடீரென்று கெட்டியானால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஆயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. மாற்றமே இல்லையென்றால் வால்வு.

9. ஸ்டார்ட் ஆகிறது, ஆனால்…

சோக் (ஸ்டார்ட் செய்யும்போது காற்றைக் குறைக்கும் நெம்பு) இழுத்தால் மட்டும் ஓடுகிறது: காற்று அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு. ஐடிலிங்குக்கு (ஆக்சிலேட்டர் முறுக்காமல் நின்றபடி ஓடுவதற்கு) பெட்ரோல் விடும் சின்ன ஜெட் (துளை வைத்த திருகு) அடைத்திருக்கும். அதைக் கழற்றும் முன் கார்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள இணைப்பைப் பாருங்கள். ஐடிலிங்கில் ஓடும்போது அந்த இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் அங்கே காற்று புகுகிறது. ஐடிலிங் தானாக ஏறி இறங்கினாலும் இதே சோதனைதான்.

மூன்று நாலு கிலோமீட்டரில் அணைந்து, கொஞ்ச நேரம் நின்றால் மறுபடி ஓடுகிறது: அணைந்த உடனே டாங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டாங்குக்குள் காற்று போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. துளையைச் சுத்தம் செய்தால் முடிந்தது, பைசா செலவில்லை. அந்தச் சத்தம் வரவில்லை என்றால் அணைந்த இடத்திலேயே, சூட்டோடு, தீப்பொறியைப் பாருங்கள். சில காயில்கள் சூடானால் மட்டும் வேலைநிறுத்தம் செய்யும். வீட்டுக்குத் தள்ளிவந்து ஆறிய பிறகு பார்த்தால் ‘எல்லாம் சரியா இருக்கே’ என்றுதான் தோன்றும்.

பொறி இருந்தும் சூட்டில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது: டேப்பட் இடைவெளி. இடைவெளி இல்லாமல் இறுக்கமாக வைத்துவிட்டால், சூட்டில் உலோகம் விரியும்போது வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். டேப்பட் சத்தம் பிடிக்காமல் அதிகமாக இறுக்கிவிடச் சொல்பவர்களுக்கு அடிக்கடி வரும் வினை இது. லேசான சத்தம் இருந்துவிட்டுப் போகட்டும். இடைவெளியை எஞ்சின் ஆறியபோது, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து, கையேட்டு அளவுக்கு மட்டுமே வைக்க வேண்டும்.

வேகத்தில் மட்டும் திக்குகிறது: காக் வடிகட்டியும் ஏர் ஃபில்டரும் முதலில், பெரிய ஜெட் அப்புறம்.

மைலேஜ் குறைந்தால் கார்பரேட்டரைத் திட்டும் முன் சென்டர் ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். பிரேக் ஒட்டியபடி இருந்தால் எந்த ட்யூனிங்கும் உதவாது. டயர் காற்றும் அப்படித்தான்.

இதற்கெல்லாம் நடுவில் ப்ளக் உங்களுக்குச் சாட்சி. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். பழுப்பு நிறம் என்றால் பெட்ரோல், காற்றுக் கலவை சரி. காய்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம், எஞ்சின் சூடாகும், தாமதிக்காதீர்கள். எண்ணெய்ப் பசையோடு கறுப்பாக இருந்தால் ஆயில் எரிகிறது.

10. கார்பரேட்டர், இப்போதுதான்

மேலே உள்ளவை எல்லாம் முடிந்த பிறகே இங்கே வர வேண்டும். கழற்றும் முன் காற்று ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி, முட்டுகிற வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு சுற்றுக்குள் இருக்கும். முட்டிய பிறகு அழுத்தினால் ஊசி முனை வீணாகும். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜெட்டில் குண்டூசியோ கம்பியோ விடாதீர்கள். துளை ஒரு மயிரளவு பெரிதானாலும் அதற்கப்புறம் அந்த வண்டி ஒழுங்காகப் பெட்ரோல் குடிக்காது. கார்பரேட்டர் கிளீனர் அடித்து ஊறவிட்டுக் காற்று அடியுங்கள். மிஞ்சிப் போனால் மின்வயருக்குள் இருக்கும் மெல்லிய செம்பு இழை ஒன்று. ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

நிறுத்தி வைத்த வண்டியில் பெட்ரோல் வழிகிறது என்றால் மிதவையின் ஊசி முனை தேய்ந்திருக்கும் அல்லது அடியில் தூசி சிக்கியிருக்கும். மிதவையை வளைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், ஊசியை மாற்றுங்கள். அதுவரை பெட்ரோல் காக்கை மூடியே வையுங்கள்.

மாட்டிய பிறகு எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, காற்று ஸ்க்ரூவை மெதுவாகத் திருப்பி எஞ்சின் எங்கே வேகமாக ஓடுகிறதோ அங்கே நிறுத்துங்கள். அப்புறம் ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள். 100 சி.சி. வண்டிக்கு நிமிடத்துக்கு 1,400 சுற்று அளவில் நிற்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு ஸ்க்ரூ மட்டும். இரண்டையும் ஒன்றாகத் திருப்பினால் எது என்ன செய்தது என்று தெரியாது.

11. ஏற்காட்டில் மட்டும் வரும் கோளாறு

சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். மேலே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு குறைவு. கார்பரேட்டருக்கு அது தெரியாது, கிட்டத்தட்ட அதே பெட்ரோலைத்தான் விடும். அதனால் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும்போது பிக்கப் குறைவதும் ஐடிலிங் நிற்காமல் போவதும் கோளாறே இல்லை. ஐடில் ஸ்க்ரூவை அரைச் சுற்று ஏற்றிக்கொண்டு, கீழே வந்ததும் இறக்கிவிடுங்கள். ஜெட்டைத் தொடாதீர்கள். மேலே சரியாக வைத்த கலவை கீழே வந்தால் வறண்டு எஞ்சினைச் சுட வைக்கும். ஏற்காட்டிலேயே ஓடிய வண்டியை வாங்கிச் சேலத்துக்குக் கொண்டு வருபவர்கள் இதனால்தான் முதல் வாரமே ப்ளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

மலையில் ரிசர்வில் ஏறாதீர்கள். சரிவில் பெட்ரோல் டாங்கின் ஒரு பக்கமாக ஒதுங்கிக் காக்குக்கு வராமல் போகலாம். மழையிலும் பனியிலும் மிஸ் அடித்தால் ப்ளக் கேப் விரிசல் விட்டிருக்கும், உள்ளே ஈரம் புகுந்து பொறி வெளியே கசிகிறது. இறங்கும்போது எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பழைய வண்டியின் டிரம் பிரேக் ஐந்தாறு வளைவுக்குள் சூடாகிப் பிடிப்பை இழந்துவிடும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

12. எஞ்சின் பிரிக்க வேண்டியிருந்தால்

ஆயில் விட்டுப் பார்த்ததில் ரிங் என்று தெரிந்தால் மெக்கானிக் ‘ஹாஃப் எஞ்சின்’ என்பார்: பிளாக், பிஸ்டன், ரிங், வால்வு வேலை. அடியில் சத்தமும் இருந்தால் ‘ஃபுல் எஞ்சின்’. பிரிக்கும் முன்பே இரண்டுக்கும் தனித்தனியாகச் செலவு எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். ஃபுல் எஞ்சின் செலவு வண்டி வாங்கிய விலையில் பாதியைத் தாண்டினால் நான் விற்றுவிடுவேன், குறையைச் சொல்லியே.

புது பிஸ்டன் போட்ட பிறகு முதல் 500 கி.மீ. வரை ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல், எஞ்சினை அழவிடாமல் ஓட்ட வேண்டும். ரிங்கும் போரும் ஒன்றுக்கொன்று தேய்ந்து பொருந்துவது அப்போதுதான். பிறகு ஆயிலை மாற்றுங்கள். அதுவரை ஏற்காடு வேண்டாம். குப்பனூர் வழி சுற்றிப் போனாலும் அதே மலைதான்.